மனையும் பாசறையும்: அமெரிக்க விடுதலைப் போர்த் தலைமையகங்களில் துயிலிடங்கள்

1. முன்னுரை

போர்க்காலத் தலைமையகங்களைப் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் நிலப்படம் விரிக்கப்பட்ட மேசையையும், ஆணைகள் எழுதப்பட்ட அறையையும், தளபதிகள் கூடிய மன்றத்தையும் பற்றியே பேசுகின்றன. அவ்வாணைகளை எழுதியோரும், எடுத்துச் சென்றோரும், அவர்களுக்குச் சமைத்தோரும் இரவில் எங்கே படுத்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆயினும், குடும்பம் ஒன்று வாழ்ந்துவந்த வீடு படைத் தலைமையகமாக மாறும்போது முதலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் இதுவேயாகும். யாருக்கு அறை, யாருக்குக் கட்டில், யாருக்குத் தரை என்னும் பங்கீடு அவ்வீட்டின் அதிகார ஒழுங்கை எழுத்தாவணங்களினும் தெளிவாகக் காட்டவல்லது.

தமிழ் இலக்கிய மரபு இவ்வினாவுக்கு அயலானதன்று. குளிர்காலத்தில் மன்னன் படையுடன் தங்குதலைக் ‘கூதிர்ப்பாசறை’ எனப் புறப்பொருள் இலக்கணம் தனித்துறையாகவே சுட்டுகிறது. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில் அரண்மனையின் அமைப்பும் அரசியின் கட்டிலும் நுணுக்கமாக விவரிக்கப்படுகின்றன. அரசனோ வாடை வீசும் நள்ளிரவில் உறங்காது, புண்பட்ட வீரரைக் காணப் பாசறையில் நடக்கிறான். முல்லைப்பாட்டிலும் தலைவி மனையிலும் மன்னன் பாசறையிலும் துயிலின்றி இருக்கின்றனர். இவ்விரு பாட்டுகளிலும் மனையும் பாசறையும் இரு வேறு இடங்கள். பிரிவு என்னும் உணர்வே அவ்விடைவெளியில்தான் பிறக்கிறது.

மனையே பாசறையானால் என்ன நிகழும்? அமெரிக்க விடுதலைப் போரின்போது (1775–1783) ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையகமாகக் கொண்ட வீடுகள் இவ்வினாவை ஆராய ஏற்ற களமாகும். அவற்றுள் நியூ ஜெர்சி மாநிலத்தின் மோரிஸ்டவுன் நகரிலுள்ள ஃபோர்டு இல்லத்தை முதன்மையாகவும், கேம்பிரிட்ஜ், வேலி ஃபோர்ஜ், நியூபர்க் ஆகிய இடங்களிலுள்ள வீடுகளை ஒப்பீட்டுக்காகவும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ‘வாஷிங்டன் இங்கே உறங்கினார்’ என்று ஒருவரின் படுக்கையை மட்டும் போற்றும் நினைவு மரபு, அதே கூரையின்கீழ் உறங்கிய பலரை வரலாற்றிலிருந்து அகற்றிவிடுகிறது என்பதும், அவர்களை மீட்கத் துயிலிடப் பங்கீடே தக்க சான்றாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. முந்திய இரு வீடுகள்

1775 ஜூலையில் வாஷிங்டன் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்து படைத்தலைமை ஏற்றார். அம்மாத நடுவில் அவர் குடியேறிய பெருமனை, 1759-இல் ஜான் வாசல் என்னும் செல்வர் கட்டியதாகும். பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்ற அவர், 1774-இல் மக்களின் சினத்துக்கு அஞ்சிக் குடும்பத்துடன் பாஸ்டனுக்குத் தப்பிச் சென்றிருந்தார். எனவே, அங்கே உரிமையாளருடன் இடத்தைப் பகிர வேண்டிய தேவை எழவில்லை. பகைவரின் வெற்று மனையைப் பயன்படுத்துவதில் அறச்சிக்கல் எதுவும் அன்று உணரப்படவும் இல்லை.

எனினும், அம்மனை முற்றிலும் வெறிச்சோடிக் கிடந்ததென்று கூறவியலாது. வாசல் குடும்பத்தாரின் அடிமைகளாயிருந்த டோனி, கியூபா என்னும் இணையர் அவ்விடத்தைச் சார்ந்தே வாழ்ந்தனர். அவர்களின் மகன் டார்பிக்கு அப்போது ஆறு வயது. வாஷிங்டன் அவனைத் தம்மிடம் பணிபுரியச் சொன்னபோது, ஊதியம் என்னவென்று அவன் கேட்டதாகப் பிற்காலத்தில் வழங்கிய செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. அது சொல்லுக்குச் சொல் உண்மையா என்பதைவிட, தலைமையகத்தைச் சூழ்ந்து இத்தகையோர் வாழ்ந்தனர் என்பதை அது நினைவுறுத்துவதே முக்கியமானது. டார்பி வாசல் 1861 வரை வாழ்ந்தார். டோனி வாசல் தம் வாழ்நாள் உழைப்பைச் சுட்டி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திடம் விண்ணப்பித்து, வாசல் சொத்தின் வருவாயிலிருந்து ஆண்டுத் தொகை ஒன்றைப் பெற்றார். உரிமையாளர் ஓடிப்போன வீட்டில், உழைத்தவர் தம் இருப்பைத் தாமே எழுத்தில் நிறுவிக்கொண்ட அரிய நிகழ்ச்சி இதுவாகும்.

1777 டிசம்பரில் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் படை குளிர்காலப் பாசறை அமைத்தது. வீரர் குடில் கட்டத் தொடங்கிய நாள்களில் வாஷிங்டன் கூடாரத்திலேயே தங்கி, பின்னரே ஐசக் பாட்ஸ் என்பாருக்குரிய கல்வீட்டுக்குச் சென்றார். அங்கு வாடகைக்குக் குடியிருந்த டெபோரா ஹியூஸ் என்னும் பெண்மணி வாடகை பெற்றுக்கொண்டு வீட்டை ஒழித்துக் கொடுத்தார். தளத்துக்கு இரண்டே முதன்மை அறைகள் கொண்ட சிறிய வீடு அது, பரணும் படுக்கையிடமாயிற்று. 1778 பிப்ரவரியில் வந்துசேர்ந்த வாஷிங்டனின் மனைவி மார்த்தா, கணவரின் இருப்பிடம் மிகச் சிறியதென்றும், உணவருந்துவதற்கென மரக்கட்டைகளால் ஓர் அறை கட்டப்பட்ட பின்னரே நிலைமை ஓரளவு பொறுக்கத்தக்கதாயிற்று என்றும் அடுத்த மாதம் தோழி ஒருவருக்கு எழுதினார். பகலில் அலுவலகமாகவும் உணவுக்கூடமாகவும் இயங்கிய அறைகளே இரவில் படுக்கையறைகளாக வேண்டியிருந்த நெருக்கடியை இக்கூற்று விளக்குகிறது.

முதல் வீட்டில் உரிமையாளர் ஓடிப்போனார். இரண்டாம் வீட்டில் குடியிருந்தவர் வெளியேறினார். மூன்றாவதாக நாம் காணும் மோரிஸ்டவுன் வீட்டிலோ குடும்பத்தலைவி வெளியேறாமல் தம் பிள்ளைகளுடன் அங்கேயே தங்கினார். அதனாலேயே அது தனிக்கவனம் பெறுகிறது.

3. ஃபோர்டு இல்லமும் அதன் குடும்பமும்

ஃபோர்டு இல்லம் 1774 அளவில் ஜேக்கப் ஃபோர்டு என்பாரால் கட்டப்பட்டது. இரும்புத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தைச் சேர்ந்த அவர், உள்ளூர்க் குடிப்படையில் கர்னலாகப் பணியாற்றினார். விடுதலைப் படைக்கெனத் துப்பாக்கி மருந்து ஆலையையும் நடத்தினார். நடுவே அகன்ற நடைக்கூடமும் அதன் இருபுறமும் அறைகளும் கொண்ட ஈரடுக்கு மரவீடு அது. தெருவை நோக்கிய முகப்பின் பலகைகள் கல்லால் கட்டியது போன்ற தோற்றம் தருமாறு இழைக்கப்பட்டுள்ளன. அவ்வூரில் அதனினும் சிறந்த வீட்டைக் காண்பது அரிது.

புதுவீட்டில் சில ஆண்டுகளே வாழ்ந்த ஃபோர்டு, 1777 ஜனவரியில் நுரையீரல் அழற்சியால் மறைந்தார். அதே மாதத்தில் அவருடைய தந்தையும் இறந்தார். நான்கு பிள்ளைகளுடன் தனித்து விடப்பட்ட தியோடோசியா ஃபோர்டு, அவ்வூர்த் திருச்சபைப் போதகர் திமோத்தி ஜோன்ஸின் மகளாவார். 1779 டிசம்பர் முதல் நாள் வாஷிங்டன் தம் பரிவாரத்துடன் அவ்வீட்டுக்கு வந்தபோது, மூத்த மகனுக்குப் பதினேழு வயது. இளையவனுக்கு எட்டு வயதளவே. அன்று தொடங்கி 1780 ஜூன் வரை, ஏறத்தாழ ஆறு மாதங்கள், ஒரு கைம்பெண்ணின் இல்லமும் ஒரு நாட்டின் படைத் தலைமையகமும் ஒரே கூரையின்கீழ் இயங்கின.

4. துயிலிடப் பங்கீடு

தியோடோசியா ஃபோர்டு தமக்கும் பிள்ளைகளுக்குமென்று கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை வைத்துக்கொண்டார். எஞ்சிய பகுதி அனைத்தும் தலைமையகத்துக்கு விடப்பட்டது. ஐந்து பேர் இரண்டு அறைகளுக்குள் ஒடுங்கினர் என்பது இதன் பொருள். வாஷிங்டனுக்கு மாடியறை ஒன்று வாய்த்தது. டிசம்பர் இறுதியில் மார்த்தா அங்கு வந்துசேர்ந்தார்.

அடுத்த நிலையில் உதவி அலுவலர்கள் வருகின்றனர். அலெக்சாண்டர் ஹாமில்டன், டென்ச் டில்மன், ராபர்ட் ஹான்சன் ஹாரிசன் முதலான இவர்கள் நாள்தோறும் கடிதங்களை வரைந்தும் படியெடுத்தும், ஆணைகளை உரியவரிடம் சேர்த்தும் தலைமையகத்தின் பணியை நடத்தியவர்கள். மாடியறைகளை இவர்கள் பகிர்ந்துகொண்டனர். மடக்கி எடுத்துச் செல்லத்தக்க கட்டில்கள் அக்கால அதிகாரிகளிடையே வழக்கிலிருந்தன. பகலில் ஓரமாக ஒதுக்கி, இரவில் விரித்துக்கொள்ளலாம். தளபதியும் இவர்களும் பணியாளரும் அடங்கிய இக்கூட்டத்தை அக்காலப் படை வழக்கு ‘குடும்பம்’ என்றே குறித்தது. இச்சொல்லாட்சி கருதத்தக்கது. உறவாலும் உரிமையாலும் அமைந்த ஃபோர்டு குடும்பத்தின் இல்லத்துக்குள், பணியாலும் கட்டளையாலும் அமைந்த வேறொரு ‘குடும்பம்’ குடியேறியது.

இவ்வொழுங்கின் கடைசிப் படியில் நின்றோர் பணியாளர். அவர்களைப் பற்றிய மிக முதன்மையான சான்று வாஷிங்டனே 1780 ஜனவரி 22-இல் நத்தானியேல் கிரீனுக்கு எழுதிய கடிதமாகும். படையின் தங்குமிடம், போக்குவரத்து, பொருள்தேவை ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்றிருந்த தளபதி கிரீன், தாம் மட்டும் ஊரிலுள்ள விடுதியொன்றில் இடம்பிடித்திருந்தார். தாம் வந்து ஏழு வாரங்களுக்கு மேலாகியும் உணவு சமைக்கத் தனிச் சமையற்கட்டு இல்லையென்றும், அதற்கான மரக்கட்டைகளைத் தம் காவற்படையினர் அடுக்கிவைத்தும் பணி முடியவில்லையென்றும் வாஷிங்டன் குறைகூறினார். பணியாளர் ஒருவர் சிறிதளவேனும் வசதியாகப் படுப்பதற்கு இடமே இல்லை என்றும் எழுதினார். தம் ‘குடும்பத்தை’ச் சேர்ந்த 18 பேரும் திருமதி ஃபோர்டின் வீட்டார் அனைவரும் அவருடைய சமையலறையிலேயே நெருங்கியிருக்க, பிடித்த சளியால் அவர்களுள் பேச இயன்றவர் ஒருவரும் இல்லை எனத்தக்க நிலையையும் அக்கடிதம் விவரிக்கிறது.

இக்கடிதத்தைத் துயிலிட வரலாற்றின் மூலச்சான்றாகவே படிக்கலாம். வாஷிங்டன், மார்த்தா, ஃபோர்டு குடும்பத்தினர் ஐவர், இக்கடிதம் கூறும் 18 பேர் என்று கூட்டினாலே குறைந்தது இருபத்தைந்து பேர் ஆகின்றனர். அவர்களுக்கு உண்மையான வெப்பம் தந்த இடம் அடுப்பெரிந்த சமையலறை. எனவே கூட்டம் அங்கே திரண்டது. கூட்டம் திரண்ட இடத்தில் நோயும் பரவியது. பகலில் உழைத்த இடத்திலேயே, அல்லது நடைக்கூடத்திலும் பரணிலும் கிடைத்த மூலையில், பாயையோ போர்வையையோ விரித்துப் படுப்பது அக்காலப் பணியாளரின் பொதுநிலை. அறையென்று சுட்ட அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மேலும் ஒன்று குறிப்பிடத்தக்கது. 18 என்னும் எண்ணைத் தரும் கடிதம் அவர்களுள் ஒருவரின் பெயரையும் தரவில்லை. போர் முழுவதும் வாஷிங்டனின் உடனிருந்து உடுப்பும் பொருளும் பேணிய வில்லியம் லீ ஓர் அடிமை. 1799-இல் எழுதிய இறுதி முறியில் வாஷிங்டன் அவருக்கு உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகையும் வழங்கினார். போர்க்காலப் பணியையும் அம்முறி நன்றியுடன் குறிக்கிறது. விடுதலைக்காகப் போரிட்ட படையின் தலைமையகத்தில், தளபதிக்கு மிக அண்மையில் இரவைக் கழித்தவர்களுள் விடுதலையற்ற ஒருவரும் இருந்தார் என்பதை இவ்வீட்டின் வரலாறு மறக்கலாகாது.

5. படுக்கையறைக்குள் காவற்படை

வாஷிங்டனின் மெய்க்காவற்படையினர் வீட்டின் அருகே குடில்களில் தங்கியிருந்தனர். அவ்வாண்டின் குளிர் நியூயார்க் துறைமுகத்தையே உறையச் செய்தது. வழக்கமாக அரணாக விளங்கும் நீர்ப்பரப்பு, பனிக்கட்டியாக இறுகிப் பகைவர் கடந்துவரத்தக்க தரையாயிற்று. நியூயார்க்கைக் கைக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படை திடீரெனப் பாய்ந்து தளபதியைச் சிறைபிடிக்கக்கூடும் என்னும் அச்சம் வெறுங்கற்பனையன்று.

எனவே நள்ளிரவில் எச்சரிக்கை ஒலி எழும்போதெல்லாம் காவற்படையினர் வீட்டுக்குள் ஓடிவந்து, கதவுகளை அடைத்து, சாளரங்களைத் திறந்து, சாளரத்துக்கு ஐவராகத் துப்பாக்கியுடன் நின்றனர். பாசறையிலிருந்து துணைப்படை வந்து அச்சம் நீங்கும்வரை அவ்வாறே நின்றனர். அவ்வேளைகளில் மார்த்தா வாஷிங்டனும் தியோடோசியா ஃபோர்டும் அறை நிறைய வீரர் நிற்க, திறந்த சாளரங்களின் வழியே கடுங்குளிர்க் காற்று வீச, சில சமயம் மணிக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தது.

இச்செய்தியைப் பதிவுசெய்தவர் பென்சன் லாசிங் என்னும் வரலாற்றாசிரியர். 1848-இல் அவர் மோரிஸ்டவுனுக்குச் சென்றபோது, முன்பு அவ்வீட்டுச் சிறுவனாயிருந்து பின்னர் நீதிபதியான கேப்ரியல் ஃபோர்டு முதுமையிலும் அங்கேயே வாழ்ந்துவந்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிந்திய நினைவு என்பதால் ஒவ்வொரு விவரத்தையும் அவ்வாறே ஏற்கத் தயங்கலாம். ஆனால், எதனை அவர் நினைவில் வைத்திருந்தார் என்பது பொருளுடையது. தளபதியின் ஆணைகளோ வெற்றிகளோ அல்ல. தன் தாயின் படுக்கையறையில் அயலார் புகுந்து நின்ற இரவே வீட்டுச் சிறுவனின் மனத்தில் நிலைத்தது. பெண்டிர் படுக்கையறை என்பது அக்காலச் சமூகத்தில் அயல் ஆடவர் நுழையாத இடம். அவ்வரம்பையும் போர் அழித்தது. முல்லைப்பாட்டில் அயல்நாட்டுக் காவலர் மன்னனின் பாசறைப் பள்ளியைச் சூழ்ந்து நிற்பர். மோரிஸ்டவுனில் காவலர் மனையின் பள்ளியறைக்குள்ளேயே வந்து நின்றனர். மனை பாசறையானது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

அதே வீட்டில் ஓர் அறை இறப்பிடமும் ஆயிற்று. ஸ்பெயின் நாட்டின் சார்பில் செயற்பட்ட யுவான் டி மிராயெஸ், பிரெஞ்சுத் தூதருடன் 1780 ஏப்ரலில் மோரிஸ்டவுனுக்கு வந்து நோயுற்று, அம்மாதம் 28-ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். இடநெருக்கடி மிக்க வீட்டில் விருந்தினராக வந்த நோயாளிக்குப் பல நாள்கள் படுக்கை ஒதுக்கப்பட்டது என்பது, தூதுறவும் துயிலிடப் பங்கீட்டைப் பாதித்தமையைக் காட்டுகிறது.

6. குன்றிலுள்ள குடில்கள்

தலைமையகத்தின் நெருக்கடியைத் தனியே மதிப்பிடுதல் நேர்மையாகாது. சில மைல் தொலைவிலிருந்த ஜாக்கி ஹாலோ என்னும் காட்டுப்பகுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர் அதே குளிர்காலத்தைக் கழித்தனர். மரங்களை வெட்டித் தாமே ஆயிரத்துக்கு மேற்பட்ட குடில்களைக் கட்டினர். ஏறத்தாழ 14 அடி அகலமும் 15 அடி நீளமும் உடைய ஒவ்வொரு குடிலிலும் பன்னிருவர் தங்கினர்; பலகை அடுக்குகளில் வைக்கோல் பரப்பிப் படுத்தனர். முதலில் வீரர்க்கான குடில்களும் அதன்பின் அதிகாரிகளுக்கான குடில்களும் கட்டப்பட்டன. எனவே ஆணையிடும் நிலையிலிருந்த பலர் டிசம்பர் கடந்தும் கூடாரங்களிலேயே உறங்கினர்.

1780 ஜனவரி முதல் வாரத்தில் வீசிய பனிப்புயலைப் படை மருத்துவர் ஜேம்ஸ் தாச்சர் விவரித்துள்ளார். அதிகாரிகளின் கூடாரங்கள் கிழிந்து உறங்கியோர் மேலேயே சரிந்தன. பனி மூடிய கூடாரங்களுக்குள் வீரர் சிலர் ஆடுகளைப் போலப் புதைந்து கிடந்தனர் என்கிறார் அவர். இப்பின்னணியில் நோக்கினால், ஃபோர்டு இல்லத்தின் சமையலறைத் தரையும் ஒருவகையில் பேறேயாகும்.

மேற்கூறிய ஜனவரி 22 கடிதத்திலும் இவ்வுணர்வு உண்டு. படையின் பொதுவான இன்னல்களில் பங்குகொள்வதே தம் அடிப்படைக் கொள்கை என்றும், எல்லோரும் அவ்வாறே இடர்ப்படுவதாக எண்ணியவரை தமக்குக் குறையில்லை என்றும் வாஷிங்டன் குறிப்பிட்டார். வேறு சிலருக்கு வசதி முன்கூட்டியே செய்து தரப்பட்டதைக் கண்ட பின்னரே அவர் முறையிட்டார். துயிலிடம் என்பது உடல்நலத்தை மட்டுமன்றி நேர்மையையும் பற்றிய வினாவாக அவருக்குத் தோன்றியிருந்தது. எனினும், பொதுவான இன்னல் என்பது அனைவர்க்கும் ஒரே அளவினதாக இருந்ததில்லை. மாடியறையில் கணவன் மனைவி இருவர், கீழறைகளில் தாயும் பிள்ளைகளும், சமையலறையில் பெயரற்றோர், குடிலுக்குப் பன்னிருவர் என்னும் படிநிலை கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த தொலைவை அளந்து காட்டுகிறது.

7. தங்கவைத்தலும் சட்டமும்

இப்படிநிலைக்கு அரசியற் பின்னணியும் உண்டு. படைவீரரைத் தங்கவைப்பது பற்றிய பிணக்கு, விடுதலைப் போருக்கு இட்டுச்சென்ற குறைகளுள் ஒன்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1765-இல் இயற்றிய சட்டம், பாசறைகளில் இடமில்லாதபோது விடுதிகளிலும் ஆளில்லாக் கட்டடங்களிலும் படையினருக்கு இடமளிக்கக் குடியேற்றங்களைப் பணித்தது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வதிகாரத்தை மேலும் விரித்தது. மக்கள் குடியிருந்த வீடுகளில் படையினரைப் புகுத்த இச்சட்டங்கள் வெளிப்படையாக இடம் தரவில்லையாயினும், அத்தகைய அச்சம் பரவலாக இருந்தது. 1776-ஆம் ஆண்டு விடுதலைச் சாற்றுரையும் பெரும்படையைத் தம்மிடையே தங்கவைத்ததை மன்னர்மீது சுமத்திய குற்றங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

அச்சாற்றுரை வெளிவந்து மூன்றரை ஆண்டுகளுக்குள், அதே விடுதலைக்காகப் போரிட்ட படையின் தலைமை ஒரு கைம்பெண்ணின் வீட்டில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இதனைப் போலித்தனம் என்று எளிதில் கூறிவிடலாகாது. ஃபோர்டு குடும்பம் விடுதலைப் பக்கம் நின்ற குடும்பம். கணவரின் நினைவும் அதனுடன் பிணைந்தது. பசித்த வீரர் வேலியையும் தானியத்தையும் தேடி அலைந்த குளிர்காலத்தில், தளபதி தங்கிய வீட்டுக்குப் பாதுகாப்பும் மிகுதி. ஆயினும் படைத்தளபதி கேட்கும்போது ஒரு கைம்பெண் தரும் இசைவில் விருப்பம் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். 1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் மூன்றாம் திருத்தம், அமைதிக்காலத்தில் உரிமையாளரின் இசைவின்றி எந்த வீட்டிலும் படைவீரரைத் தங்கவைக்கலாகாது என்றும், போர்க்காலத்திலும் சட்டம் வகுத்த முறைப்படியே அது நிகழ வேண்டும் என்றும் விதித்தது. அவ்விதியைப் படிக்கும்போது பிரிட்டிஷ் படையின் நினைவு மட்டுமன்றி, ஃபோர்டு இல்லம் போன்ற வீடுகளின் அனுபவமும் நம் மனத்தில் எழுதல் வேண்டும்.

8. நியூபர்க் வீடு

1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-இல் திப்பு சுல்தானைச் சீரங்கப்பட்டின உடன்படிக்கைக்கு உட்படுத்தியவர் இவரே. சரணடைவுக்குப் பின்னும் அமைதி உடன்பாடு தாமதப்பட்டமையால், 1782 ஏப்ரல் முதல் 1783 ஆகஸ்டு வரை வாஷிங்டன் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க்கில் தங்கினார். போர்க்காலத்தில் அவர் மிக நீண்டநாள் தங்கிய தலைமையகம் இதுவே.

ஹட்சன் ஆற்றை நோக்கிய அக்கல்வீடு டிரின்ட்ஜே ஹாஸ்புரூக் என்னும் கைம்பெண்ணுக்குரியது. அவருடைய கணவர் 1780-இல் இறந்திருந்தார். தலைமையகத்துக்கு வீடு தேவையென்றதும் அவர் அதனை விட்டு உறவினரிடம் செல்ல நேர்ந்தது. வீட்டின் நடுவேயுள்ள அறைக்கு ஏழு கதவுகளும் ஒரே சாளரமும் உண்டு. டச்சுக் குடியேறிகளின் மரபில் அமைந்த பெருங்கணப்பு அவ்வறையில் இருக்க, பிற அறைகள் அதனைச் சுற்றி அமைந்துள்ளன. உணவுக்கூடமாகப் பயன்பட்ட அதனைக் கடந்தே வீட்டின் பிற இடங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. நடைக்கூடத்தால் அறைகளைத் தனித்தனியே பிரித்த ஃபோர்டு இல்லத்தில் இரு குடும்பங்கள் பகிர்ந்து வாழ்வது அரிதாயினும் இயல்வதாயிற்று. அறைக்குள் அறையாக அமைந்த ஹாஸ்புரூக் வீட்டில் அத்தகைய பகிர்வு மிகக் கடினம். கட்டட அமைப்பும் மனிதர் உறவைத் தீர்மானிக்கவல்லது என்பதற்கு இவ்விரு கைம்பெண்களின் வீடுகளும் சான்றாகின்றன.

9. நினைவுச்சின்னமாகிய படுக்கை

இவ்வீடுகள் பிழைத்திருப்பதற்கு வாஷிங்டன் அங்கு உறங்கினார் என்பதே பெருங்காரணம். ஹாஸ்புரூக் வீட்டை நியூயார்க் மாநிலம் 1850-இல் தன் பொறுப்பில் எடுத்தது. அரசு காத்த முதல் வரலாற்று வீடு என்னும் சிறப்பு அதற்குண்டு. கேம்பிரிட்ஜ் மனையில் 1837-இல் கவிஞர் லாங்ஃபெலோ அறை வாடகைக்கு எடுத்தபோது, முன்பு வாஷிங்டனுக்குரியதாயிருந்த அறைகளில் தாம் வாழ்வதைப் பெருமையாகக் கருதினார். 1873-இல் ஃபோர்டு இல்லம் ஏலத்துக்கு வந்தபோது நால்வர் சேர்ந்து அதனை வாங்கினர். அடுத்த ஆண்டு நியூ ஜெர்சி வாஷிங்டன் சங்கம் அமைந்தது. 1933-இல் அவ்வில்லமும் ஜாக்கி ஹாலோவும் இணைந்து அமெரிக்காவின் முதல் தேசிய வரலாற்றுப் பூங்காவாயின.

இப்பாதுகாப்பு முயற்சிகளின் பயனை மறுக்கவியலாது. ஆனால் காட்சிக்கு வைக்கும் முறையில் இயல்பான சாய்வொன்று உண்டு. திரைச்சீலை தொங்கும் நாற்கால் கட்டில் எஞ்சியிருக்கும். தரையில் விரித்த வைக்கோல் எஞ்சியிராது. தளபதியின் அறைக்குப் பெயர்ப்பலகை எளிதில் எழுதலாம். சமையலறையில் இருமியபடி கிடந்தோர்க்கு எந்த இடத்தில் எழுதுவது? பொருள்கள் எஞ்சியோரின் வரலாறே வீட்டின் வரலாறாகிவிடும் இவ்விடரைத் தவிர்க்க வேண்டுமாயின், அறைகளைத் தளவாடங்களால் மட்டுமன்றி, கடிதங்களும் விண்ணப்பங்களும் குடும்ப நினைவுகளும் தரும் எண்ணிக்கையாலும் நிரப்பிக் காணல் வேண்டும். ஜாக்கி ஹாலோவில் மீட்டமைக்கப்பட்ட குடில்கள் இவ்வகையில் போற்றத்தக்கவை. பெயர் அறியப்படாத பன்னிருவரின் படுக்கையை அவை காட்டுகின்றன.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, துயிலிடப் பங்கீடு தலைமையகத்தின் அதிகார அமைப்பை நேரடியாகக் காட்டும் சான்று. இரண்டாவது, வீட்டுரிமையாளர் தப்பியோடினாரா, வாடகை பெற்று விலகினாரா, உடன் தங்கினாரா என்பதைப் பொறுத்து ஒரே படையின் ஒரே தளபதிக்கும் குடிமக்களுக்குமான உறவு வேறுபட்டது. இவ்வேறுபாட்டின் சுமையைப் பெரிதும் தாங்கியோர் பெண்டிரும் பணியாளருமே. மூன்றாவது, வரலாற்று வீடு ஒன்றைப் பேணுவோர் யாருடைய படுக்கையைப் பேணுகின்றனர் என்பது, அந்நாட்டு வரலாற்றில் யாருக்கு இடமளிக்கின்றனர் என்பதாகவே முடிகிறது.

இம்முறையியல் நம் நிலத்துக்கும் பொருந்தும். கோலாலம்பூரின் கார்கோசா மாளிகை ஜப்பானியர் ஆட்சியில் உயர் படையதிகாரிகளின் விடுதியாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சியாளர்க்கென்று கட்டப்பட்ட இத்தகைய மாளிகைகளைப் பற்றி எழுதும் மாணவர், யார் ஆண்டார் என்பதுடன் நில்லாது, சமையற்காரரும் தோட்டக்காரரும் வண்டியோட்டியும் அவ்விரவுகளில் எங்கே படுத்தனர் என்றும் வினவுதல் வேண்டும். தோட்டத் துரையின் பங்களாவுக்கும் தொழிலாளர் லயத்துக்கும் இடையிலிருந்த தொலைவை அறிந்த சமூகத்துக்கு இவ்வினா புதிதன்று. அதற்கு விடைகூறும் முதியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. கேப்ரியல் ஃபோர்டின் நினைவைக் கேட்டெழுத 1848-இல் ஒருவர் சென்றார். மறு ஆண்டில் அந்நினைவு கிடைத்திராது, ஏனெனில் 1849-இல் அவர் மறைந்தார். வாய்மொழிப் பதிவை நம் ஆய்வுத்திட்டங்களில் முதலிடத்துக்குக் கொணர இவ்வொரு செய்தியே போதுமான காரணமாகும்.